பழைய சொகுசு ஆஃப்ரோடு வண்டியை விடியற்காலையில் போய்ப் பாருங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய பழைய ஃபோர்வீல் வண்டியை ஒரு மாலை நேரத்தில் போய்ப் பார்த்தேன். பளபளவென்று கழுவி, டயருக்குக் கறுப்புப் பூசி, இன்ஜினை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் அந்தத் தோல் இருக்கையிலேயே பாதி முடிவு எடுத்துவிட்டேன். வாங்கிவந்த மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்து பார்த்தால், முன்பக்க இடது மூலை தாழ்ந்துபோய் வண்டி மண்டியிட்ட மாதிரி நிற்கிறது. இரும்புச் சுருளுக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப்பையில், அதாவது ஏர் சஸ்பென்ஷன் பையில், கசிவு. அந்தக் கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி ஓடி, பைக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரும் தேய்ந்துபோயிருந்தது.

விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் நான் மாலையில் போகாமல் விடியற்காலையில் போயிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். அதற்கப்புறம் எனக்கென்று மூன்று வண்டிகள் வாங்கிவிட்டேன். நண்பர்களுக்காகக் கூடப்போய்ப் பார்த்தவை நாற்பதைத் தாண்டும். பார்க்கும் முறை ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணக்கணக்கு. இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவை எட்டு, பத்து வருடத்தில் புது விலையின் பெரும்பகுதியை இழந்துவிடும். அதனால்தான் அவை நம் கைக்கெட்டும் தூரத்துக்கு வருகின்றன. ஆனால் அதன் கம்ப்ரஸர், டர்போ, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பெட்டி), ஹெட்லைட் எதுவும் விலை இறங்குவதில்லை. பத்து வயது வண்டிக்கும், புது வண்டிக்குப் பாகம் விற்கும் அதே விலையில்தான் வாங்க வேண்டும். அதனால் கையில் இருக்கும் பணத்தில் நான்கில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். மீதியில் எந்த வண்டி வருகிறதோ அதுதான் உங்கள் வண்டி. முழுப் பணத்தையும் போட்டு ஒருபடி மேலான மாடலை வாங்கிவிட்டு, முதல் ரிப்பேருக்கே திணறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

எந்த மாடல்

பிராண்டைவிட, வண்டியைத் தூக்கிப் பிடித்திருப்பது எது என்பதை வைத்து நான் பிரிப்பேன்: இரும்புச் சுருளா, காற்றா, எண்ணெயா?

மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் 1979-இல் வந்த நாளிலிருந்து இரும்புச் சுருள், ஏணி மாதிரியான கனத்த சேஸிஸ். 2018-இல் வந்த புதிய தலைமுறையில் முன்பக்க அச்சு (ஆக்ஸில்) மாறினாலும் ஏணிச் சேஸிஸ்தான் இருக்கிறது. உயரம் கூட்டிக் குறைக்கும் வேலை இல்லாததால் அந்தத் தலைவலியும் இல்லை. 2018-க்கு முந்தையவற்றில் துருவைப் பாருங்கள். முன்கண்ணாடியைச் சுற்றி, பின்கதவின் அடிவிளிம்பில், முன்விளக்குகளைச் சுற்றி பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருந்தால் உள்ளே துரு வெகுதூரம் போயிருக்கும்.

டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 200 வரிசை 2007 முதல் 2021 வரை வந்தது. மேலே சொன்ன விலைக்கணக்கு இதற்குப் பொருந்தாது, விலை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அதே அடித்தளத்தில் வந்த லெக்ஸஸ் எல்எக்ஸ் 570-இல் எண்ணெய் அழுத்தத்தில் உயரம் மாறும் சஸ்பென்ஷன் உண்டு. அதில் நைட்ரஜன் நிரப்பிய உருண்டைகள் இருக்கும். வருடங்கள் போகப்போக அந்த வாயு குறைந்து, வண்டி கட்டையாகக் குதிக்க ஆரம்பிக்கும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டி தாழ்ந்த நிலையில் இருக்கும்போது அந்த எண்ணெய் டப்பாவில் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உயர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். மட்டம் நன்றாக இறங்கினால் உருண்டைகளில் உயிர் இருக்கிறது. கொஞ்சமாகத்தான் அசைகிறது என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி இரண்டும் ஓட்டச் சுகமானவை. எனக்குப் பிடித்தவையும் அவைதான், மறைக்கவில்லை. ஆனால் இன்ஜின் எது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2.7, 3.0 லிட்டர் வி6 டீசல்களில் இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட் உடைந்த கதைகள் அதிகம். ஆயிலைச் சரியான இடைவெளியில் மாற்றியதற்கு ஆதாரம் இல்லாத வண்டியை நான் தொடமாட்டேன். அந்த இன்ஜின்களில் பெல்ட்டும் இரண்டு, முன்பக்கம் டைமிங்குக்கு (வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட) ஒன்று, பின்பக்கம் டீசல் பம்புக்கு ஒன்று. முன்னதை மட்டும் மாற்றிவிட்டு ‘பெல்ட் மாற்றியாச்சு’ என்பார்கள். பில்லில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 5.0 லிட்டர் வி8 பெட்ரோலில் முதல் சில ஆண்டுகளில் வந்தவற்றுக்கு டைமிங் செயின் தளர்வுதான் நோய்.

போர்ஷே கயென் வேண்டும் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2002-இல் வந்த முதல் தலைமுறைக்கு மட்டும்தான் லோ ரேஞ்ச் கியர் (கரடுமுரடான இடத்தில் மெதுவாக, அதிக இழுவிசையோடு போக உதவுவது) உண்டு. 2010-இல் வந்த அடுத்த தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய வி8-இல் இன்ஜினுக்கு மேலே பிளாஸ்டிக்கில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய்கள் இருந்தன, சூட்டில் நொறுங்கும். பின்னால் அலுமினியத்தில் செய்து கொடுத்தார்கள். அலுமினியம் போட்டிருக்கிறதா என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

போவதற்கு முன் ஒரு போன்

விற்பவரிடம் மூன்றே மூன்று விஷயம் கேட்பேன். சர்வீஸ் பில்கள் எல்லாம் இருக்கிறதா? கடைசியாக என்ன பெரிய வேலை பார்த்தீர்கள்? நாளைக் காலை நான் வரும்வரை இன்ஜினை ஆன் பண்ணாமல் வைத்திருக்க முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு ‘ஒரு வேலையும் வரலையே, ஆயில் மட்டும்தான்’ என்று பதில் வந்தால் எனக்குப் பயம்தான் வரும். பத்து வருடம் ஓடிய இப்படிப்பட்ட வண்டிக்கு வேலை வராமல் இருக்காது. வந்த வேலையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ‘போன வருஷம் இரண்டு பக்கமும் ஏர் பை மாற்றினேன், வாட்டர் பம்ப் மாற்றினேன், கியர் ஆயில் மாற்றினேன்’ என்று சலித்துக்கொண்டே சொல்கிறவரின் வண்டிக்கு ஓடோடிப் போங்கள்.

நிற்கும் வண்டி

போனதும் கை குலுக்கிவிட்டு பானெட்டில் உள்ளங்கையை வைப்பேன். சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் எனக்காக யாரோ முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார்கள். ‘சும்மா நகர்த்தி வெச்சேன்’ என்பார்கள். சண்டை போட வேண்டியதில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

அப்புறம் சாவியை வாங்குவதற்கு முன்பே டேப்பை எடுப்பேன். ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து அதற்கு நேர்மேலே மட்கார்டின் விளிம்புவரை அளக்க வேண்டும். முன்பக்கம் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும், பின்பக்கமும் அதேபோல. சில மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. ஒரு விரற்கடை வித்தியாசம் என்றால் அந்த மூலையில் காற்று போகிறது. இரவு முழுக்க நின்ற வண்டி பொய் சொல்லாது. இன்ஜின் ஓடத் தொடங்கிய சில நிமிடத்தில் கம்ப்ரஸர் எல்லாவற்றையும் சமப்படுத்தி மறைத்துவிடும்.

போன வருடம் ஒரு நண்பருக்காகப் பார்த்த வண்டியில் நான்கு அளவும் சரியாக இருந்தன. ஆனாலும் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து, ஒரு தெளிப்பான் பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றச் சொல்லி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடிக்கச் சொல்லி, வலது முன் ஏர் பையின் ரப்பர் மடிப்பில் டார்ச் அடித்துக்கொண்டே தெளித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். மடிப்பின் அடியில், தலைமயிர் அளவுக்கு மெல்லிய வெடிப்புகள் இருந்த இடத்தில், கடுகளவு குமிழி ஒன்று மெதுவாக எழும்பி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. இன்னும் சில மாதத்தில் அந்தப் பை போயிருக்கும். விற்றவர் நேர்மையானவர், அவரே குனிந்து பார்த்தார். இரண்டு முன்பைகளின் செலவை விலையில் கழித்துக்கொண்டார். அந்த வண்டி இன்று நண்பரிடம் நன்றாக ஓடுகிறது. கசிவை அப்படியே விட்டிருந்தால் கம்ப்ரஸரும் சேர்ந்து போயிருக்கும். அது இடைவிடாமல் ஓடும் வேலைக்கென்று செய்யப்பட்டதல்ல, கொஞ்ச நேரம் ஓடி ஓய்வெடுக்க வேண்டியது.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது நான் வெளியே நிற்பேன், கூட வந்தவர் உள்ளே இருப்பார். முதல் மூன்று விநாடிதான் முக்கியம். செயின் தளர்ந்திருந்தால் சில்லறை குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்து, ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடும். புகையையும் அதே நேரத்தில் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இனிப்பு வாசனையோடு நிற்காமல் வரும் வெள்ளை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது.

அடியில் படுத்துப் பாருங்கள்

ஒரு பழைய விரிப்பு, டார்ச், வெள்ளைத்தாள், சிறிய சுத்தியல். இவை இல்லாமல் நான் போவதில்லை. ஏணிச் சேஸிஸ் வண்டியாக இருந்தால் பின்பக்கத்து இரும்பைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று வர வேண்டும். மொத்தென்று வந்தால் உள்ளே துரு அரித்திருக்கிறது. புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த அடிப்பாகம் என்னைச் சந்தேகப்பட வைக்கும், மண் படிந்த அடிப்பாகம் அவ்வளவு பயமுறுத்தாது.

கீறல்களும் பேசும். அடித்தகட்டில் நீளவாக்கில் கீறல் இருந்தால் கல்லில் உரசி ஏறியிருக்கிறார்கள். அந்த வேலைக்காகச் செய்யப்பட்ட வண்டிதான், அதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தகடு நெளிந்து டிரான்ஸ்ஃபர் கேஸையோ, இன்ஜின் ஆயில் தேங்கும் சம்பையோ தொட்டிருக்கக் கூடாது.

எனக்கு மெக்கானிக்காக வரும் அண்ணன் ஒருவர் உண்டு. அவர் முதல் வேலையாகப் பின் டிஃபரென்ஷியலின் (திருப்பத்தில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் மூடியைத் திறந்து, விரலை விட்டு எடுத்து வெள்ளைத்தாளில் தேய்ப்பார். ‘வண்டிக்காரர் சொல்றதைக் கேக்காத தம்பி, ஆயில் சொல்றதைக் கேளு’ என்பார். தேன் நிறம் நல்லது. கறுப்பு என்றால் மாற்றவில்லை, மாற்றிக்கொள்ளலாம். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். காற்றுப்போக்குக் குழாய் அடைத்திருந்தால் அந்தச் சுருக்கம் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆற்றில் இறங்கிய வண்டிகளில் இது சகஜம். இரும்புத்தூள் மின்னினால் அது வேறு கதை, பல்சக்கரமே தேய்ந்திருக்கிறது.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒன்று. 2012-இல் வந்த ரேஞ்ச் ரோவருக்கும், 2020-இல் ஏர் சஸ்பென்ஷனோடு வந்த டிஃபெண்டருக்கும் 900 மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. இறங்குவது பிரச்சினை இல்லை. வெள்ளத்தில் மூழ்கி நின்றதுதான் பிரச்சினை. இருக்கைப் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத இடம் அதுதான். சுருளுக்குள் இருந்த கடைசி முழத்தில் வண்டல் கோடு தெரிந்தால் அந்த வண்டி மூழ்கியது. தரைவிரிப்பு ஈரமாக இருப்பதால் மட்டும் அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். கூரைக்கண்ணாடியின் வடிகால் குழாய் அடைத்தாலும் ஓட்டுநர் காலடி நனையும். அதைச் சுத்தம் செய்துவிடலாம். ஆனால் ஈரம் எவ்வளவு நாளாக அங்கே நின்றது, அருகில் இருக்கும் மின்பெட்டிக்கு ஏறியதா என்று பார்த்தாக வேண்டும்.

லோ ரேஞ்சைப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்

சொகுசு வண்டி வைத்திருப்பவர்களில் பலர் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. பத்து வருடம் அசையாத மோட்டார் இறுகிப்போயிருக்கும். வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதித்து, நியூட்ரலில் வைத்து லோ ரேஞ்சைப் போடுங்கள். சின்னதாக ஒரு ‘டக்’ வந்து விளக்கு நிலையாக எரிய வேண்டும். மினுக்கிக்கொண்டே இருந்தால் விழவில்லை என்று அர்த்தம். விழுந்தபின் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, மறுபடி ஹை ரேஞ்சுக்கு வருகிறதா என்றும் பாருங்கள். போய்விட்டுத் திரும்பிவராத வண்டி ஒன்றோடு நான் அரைநாள் நின்றிருக்கிறேன்.

டிஃப் லாக் (டிஃபரென்ஷியலைப் பூட்டிச் சக்கரங்களை ஒரே வேகத்தில் சுற்றவைப்பது) இருந்தால் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஜி-கிளாஸில் டேஷ்போர்டு நடுவில் மூன்று பொத்தான்கள் இருக்கும். முதலில் நடு, அப்புறம் பின், கடைசியில் முன் என்ற வரிசையில்தான் விழும். மண்தரையில் செய்யுங்கள், சிமெண்ட் தரையில் லாக் போட்டுத் திருப்பினால் வண்டிக்கு வலிக்கும்.

அடுத்தது லாக் எதுவும் இல்லாமல். காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மிக மெதுவாக வட்டம் போடுங்கள். வண்டி தானாக உருள வேண்டும். யாரோ பிடித்து இழுப்பது போல் தயங்கித் தயங்கிப் போனால் டிரான்ஸ்ஃபர் கேஸிலோ நடு டிஃபரென்ஷியலிலோ கோளாறு. அல்லது டயர். நான்கில் இரண்டு புதிது, இரண்டு மொட்டை என்று போட்டிருந்தால் சுற்றளவு வேறுபட்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் எந்நேரமும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். டயர் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம்.

ஓட்டிப் பார்க்கும்போது

பாட்டை நிறுத்துங்கள், ஏசியையும் முதலில் நிறுத்துங்கள். விற்பவர் பேசிக்கொண்டே வந்தால் மரியாதையாக, ‘கொஞ்சம் சத்தம் கேட்டுக்கிறேன்’ என்று சொல்லுங்கள். மெதுவாக ஏறும்போதும், காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போதும் கியர் மாறுவதை உடம்பால் உணர வேண்டும். பின்னாலிருந்து ஒரு இடி வந்தால் கியர்பாக்ஸோ, சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோ காரணம். ரேஞ்ச் ரோவர் உட்பட இந்த வகையில் பல வண்டிகளுக்கு இசட்எஃப் கம்பெனியின் கியர்பாக்ஸ்தான். ‘வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்று சிலர் சொல்வார்கள். இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றிய பில் இருந்தால் அந்த ஓனர் மேல் எனக்கு மரியாதை வந்துவிடும்.

குறைந்தது நாற்பது நிமிடம் ஓட்டுங்கள். கூலன்ட் கசிவும் கியர் வழுக்கலும் நன்றாகச் சூடேறிய பின்தான் வெளிவரும்.

வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரை இந்த ஓட்டத்துக்குப் பிறகு போடுவேன். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்றால் உடனே சந்தோஷப்படாதீர்கள். ‘குறியீடுகளை அழித்தபின் ஓடிய தூரம்’ என்று ஒரு வரி பெரும்பாலான ஸ்கேனர்களில் படிக்கக் கிடைக்கும். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால் நேற்று யாரோ அழித்திருக்கிறார்கள். எதை அழித்தார்கள் என்று கேளுங்கள். டீசல் என்றால் புகைவடிகட்டியில் எவ்வளவு கரி அடைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். பக்கத்துத் தெருவுக்கு மட்டுமே ஓடிய பெரிய டீசல் வண்டிக்கு அந்த வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து சுத்தமாக வாய்ப்பே கிடைத்திருக்காது. குறைந்த கிலோமீட்டர் ஓடியது என்று பெருமையாகச் சொல்லப்படும் வண்டிகளில் இது அதிகம். ஊர்விட்டு ஊர் நீளமாக ஓடிய, பில்லோடு இருக்கும் வண்டியைத்தான் நான் எடுப்பேன்.

சின்னச் சின்ன மின்சாமான்களை எல்லாம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், அது பத்து நிமிட வேலை. 17 எழுத்துள்ள சேஸிஸ் எண் கண்ணாடி அடியிலும், சேஸிஸிலும், பதிவுப் புத்தகத்திலும் ஒன்றா என்று பாருங்கள். கடன் பாக்கி இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். இதில் பேச ஒன்றும் இல்லை, ஒத்துவரவில்லை என்றால் கிளம்ப வேண்டியதுதான்.

விலை பேசுவதும் முதல் மாதமும்

கண்டுபிடித்ததை எல்லாம் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை நேராகப் பாகம் விற்பவரிடம் கேட்டுக் குறித்து, அந்தத் தாளை விற்பவர் முன்னால் வையுங்கள். வண்டியைக் குறை சொல்லத் தேவையில்லை. அவரும் அதை ஆசையாக வாங்கியவர்தான். தாளில் இருக்கும் எண் பேசட்டும். ஏர் பை, பிரேக், டயர் இவற்றைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். பால் மாதிரி வெளுத்த டிஃபரென்ஷியல் ஆயில், மூழ்கிய அடையாளம், ஸ்டார்ட்டில் செயின் சத்தம் இந்த மூன்றுக்கும் நான் விலை பேசுவதில்லை, எவ்வளவு குறைத்தாலும்.

வாங்கி வந்ததும் முதல் வாரத்திலேயே இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரென்ஷியல் என்று எல்லா ஆயிலையும், கூலன்ட்டையும், பிரேக் திரவத்தையும் மாற்றிவிடுங்கள். தனியாக எடுத்துவைத்த பணத்தில் முதல் செலவு அதுதான். ஒரு நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி, பில்லை அதிலேயே ஒட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை மண்தரையில் லோ ரேஞ்சைப் போட்டு எடுங்கள், அந்த மோட்டார் இறுகக் கூடாது. டேப் வண்டியிலேயே இருக்கட்டும். நான் இன்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியைத் தொடும் முன் நான்கு சக்கரத்தையும் அளந்து அந்த நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.